குட்டைக் குழல் துப்பாக்கியின் வாய்முனை எத்தனை நாள் உழைக்கும்?

டெக்சஸில் இருக்கும் நண்பர் ஒருவர் கேட்ட கேள்வி இது. அவரிடம் 10.5 அங்குலக் குழல் கொண்ட ஏ.ஆர்.-15 ரைஃபிள் இருக்கிறது, முறைப்படி பதிவு செய்தது. மூன்று ஆண்டில் சுமார் 4,000 ரவுண்டு சுட்டிருக்கிறார். முனையில் தீப்பந்தை அடக்க மாட்டியிருக்கும் மூன்று விரல் ஃபிளாஷ் ஹைடரின் உள்பக்கம், விரல்கள் பிரியும் அடிப்பகுதியில், உப்புக்காற்று பட்ட இரும்புபோல அரித்துச் சொரசொரப்பாகிவிட்டது. கரியும் கெட்டியாக ஒட்டிக்கொண்டு துடைத்தால் வருவதில்லை. "இதை மாற்ற வேண்டுமா? எத்தனை ரவுண்டுக்கு ஒருமுறை மாற்றுவது வழக்கம்? அடுத்த மாதம் இதன்மேல் சத்தத்தை அடக்கும் சப்ரஸர் மாட்டப் போகிறேன், அதற்குமுன் கரியை எப்படி எடுப்பது?" என்று கேட்கிறார்.

சுருக்கமான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். ஹைடரை மாற்ற வேண்டாம், அந்த அரிப்பு அதற்கு ஒன்றும் செய்யாது. ஆனால் சப்ரஸர் மாட்டும் எண்ணம் இருந்தால் ஹைடரைக் கட்டாயம் ஒருமுறை கழற்றி, அது குழலோடு சேரும் இடத்தைப் பாருங்கள். நீங்கள் முனையின் நுனியைப் பார்த்துக் கவலைப்படுகிறீர்கள். எனக்குக் கவலை தருவது அதன் அடி.

நான் ஹூஸ்டனில் எண்ணெய்க் கிணற்று வால்வுகளுக்கு உதிரிபாகம் கடையும் பட்டறையில் 17 ஆண்டாக வேலை பார்க்கிறேன். அதற்குமுன் கோயம்புத்தூரில் லேத் பட்டறை. நாங்கள் கடையும் இன்கோனல் 718 என்ற அதே உலோகத்தில்தான் விலையுயர்ந்த சப்ரஸர்களின் உள்தடுப்புகளும் செய்யப்படுகின்றன. சுடும் பழக்கம் இங்கே வந்தபிறகு வந்தது. ஆகவே இதை உலோகத்தின் பக்கமிருந்தே பேசுகிறேன்.

குட்டைக் குழலில் என்ன மாறுகிறது என்பது தெளிவானால் மற்றதெல்லாம் தானாக விளங்கும். ஏ.ஆர்.-15 சுடும் 5.56 மி.மீ. தோட்டாவுக்குள் ஏறத்தாழ ஒன்றரை கிராமுக்குச் சற்று அதிகமாக வெடிமருந்து இருக்கிறது. அந்தத் தோட்டாவை 20 அங்குலக் குழலுக்கு என்று வடிவமைத்தார்கள். ராணுவத்தின் எம்.16 ரைஃபிள் குழலில் குண்டு வெளியேறும்போது வேகம் வினாடிக்கு 3,000 அடிக்கு மேல். அதே தோட்டாவை 10.3 அங்குலக் குழல் கொண்ட எம்.கே.18 என்ற குறுந்துப்பாக்கியில் சுட்டால் சுமார் 2,600 அடிதான். குறைந்துபோன அந்த ஆற்றல் எங்கே போனது? குண்டைத் தள்ளப் பயன்படாத வாயுவாக, அழுத்தமும் சூடும் குறையாமல், வாய்முனை வழியே வெளியே வருகிறது. 20 அங்குலக் குழலோடு ஒப்பிட்டால் பத்தங்குலக் குழலின் வாயில் வாயு அழுத்தம் ஏறக்குறைய இரண்டு மடங்கு. குழலுக்குள் மருந்து எரியும் வெப்பநிலை எஃகு உருகும் வெப்பத்தைத் தாண்டியது. எஃகு உருகாமல் இருப்பதற்கு ஒரே காரணம், வாயு அதைத் தொடும் நேரம் மில்லி வினாடிக் கணக்கில் இருப்பதுதான்.

அந்த வாயுவோடு எரியாத மருந்துத் துகள்களும் வருகின்றன. குழல் குட்டையாகக் குட்டையாக அவை கூடும். அதிவேக வாயுவில் கலந்து வரும் கடினமான துகள் ஓர் உலோக விளிம்பில் மோதினால் என்ன ஆகும் என்பதை மணல் பீய்ச்சித் துருவெடுக்கும் எந்தப் பட்டறையிலும் பார்க்கலாம். உங்கள் ஹைடரில் நடந்திருப்பது அதுதான். வாயு விரிந்து முதன்முதலாக எந்த விளிம்பில் மோதுகிறதோ அந்த விளிம்பு தேயும். விரல்கள் பிரியும் அடிப்பகுதி தேய்ந்து, நுனிகள் புதிதுபோல இருப்பது அதனால்தான்.

பலர் கவனிக்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். வாய்முனையில் நாம் பார்க்கும் பெரிய தீப்பந்து, எரியாத மருந்து வெளியே வந்து எரிவதால் மட்டும் வருவதில்லை. வெளியேறும் வாயுவில் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனும் நிறைய இருக்கின்றன. அவை வெளிக்காற்றின் ஆக்சிஜனோடு கலந்து மறுபடி பற்றிக்கொள்கின்றன. ஃபிளாஷ் ஹைடரின் வேலை, வாயுவைச் சிதறடித்துக் குளிரவைத்து, அந்த மறுபற்றலைத் தடுப்பது. இந்த வேலைக்கு விரல்களின் வடிவம் முக்கியம். உள்பரப்பு பளபளப்பாக இருக்கிறதா என்பதற்கு இதில் பங்கே இல்லை. மேற்பரப்பு சொரசொரப்பாவதால் வெளிச்சம் கூடாது. விரல் ஒன்று உடைந்தால்தான் கூடும்.

அமெரிக்க ராணுவம் இந்தப் பாடத்தை வியட்நாமில் கற்றது. எம்.16-இன் தொடக்க கால ஹைடர் திறந்த மூன்று விரல்கள் கொண்டது. காட்டில் கொடியும் புல்லும் அந்த விரல்களில் சிக்கின. அதனால் நுனியை மூடி, பறவைக் கூண்டு போன்ற வடிவத்தைக் கொண்டுவந்தார்கள். பிறகு 1980-களில் வந்த ஏ2 வடிவத்தில் கீழ்ப்பக்கத் துளைகளையும் மூடினார்கள். படுத்துச் சுடும்போது புழுதி கிளம்பாமல் இருக்கவும், குழல் மேலே எழும்புவதைச் சற்று அடக்கவும் அது உதவியது. இன்று பத்து டாலர் சொச்சத்துக்குக் கிடைக்கும் அந்த ஏ2 கூண்டை நான் மிகவும் மதிக்கிறேன். சாதாரண எஃகு, பாஸ்பேட் பூச்சு, எளிய வடிவம், உள்ளே கரி தங்க அறை எதுவும் கிடையாது. மேலே ஒன்றும் மாட்டாமல் வைத்திருந்தால் குழல் தேய்ந்து மாற்றும் நாள்வரை அது கூடவே உழைக்கும்.

குட்டைக் குழலுக்கென்றே முதலில் செய்த கருவியின் கதை வேறு. கோல்ட் நிறுவனத்தின் எக்ஸ்.எம்.177 குறுந்துப்பாக்கிக்கு முதலில் 10 அங்குலக் குழல்தான் இருந்தது. சத்தமும் வெளிச்சமும் தாங்க முடியாமல் போகவே, அதன் முனையில் 4.25 அங்குல நீளத்துக்கு உள்ளறை கொண்ட ஒரு கருவியைப் பொருத்தினார்கள். சத்தம் நீளக் குழல் துப்பாக்கியின் அளவுக்கு இறங்கியது. ஆனால் உள்ளறை இருந்தால் கரி சேரும், அதைத் தவிர்க்கவே முடியாது. 1967-இல் வந்த அடுத்த வடிவத்தில் குழலை 11.5 அங்குலமாக நீட்டினார்கள். கருவியால் மட்டும் தீராததைக் குழல் நீளத்தால் தீர்த்தார்கள் என்றே நான் இதைப் படிக்கிறேன். அந்த ஒன்றரை அங்குலத்தின் அருமை இன்றைக்கும் குறையவில்லை. 10.5-ஐ வாங்கலாமா 11.5-ஐ வாங்கலாமா என்று யார் கேட்டாலும் 11.5 என்றே சொல்வேன். வாய்முனைக் கருவியின் ஆயுளும் அதில் ஒரு காரணம். பிற்காலத்தில் அந்த 4.25 அங்குலக் கருவியை அமெரிக்க அரசு சட்டப்படி சப்ரஸர் வகையிலேயே சேர்த்துவிட்டது.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி, எத்தனை ரவுண்டு தாங்கும் என்பது. இதற்கு ஒற்றை எண் சொல்பவரை நம்பாதீர்கள். ஒரே ஹைடர் ஒருவரிடம் 20,000 ரவுண்டு உழைக்கும், இன்னொருவரிடம் 3,000-இல் முகம் மாறிவிடும். வித்தியாசம் சூட்டில் இருக்கிறது. எம்.16-இன் குட்டை வடிவமான எம்.4-க்கு ராணுவம் குறிக்கும் நீடித்த சுடுவேகம் நிமிடத்துக்கு 12 முதல் 15 ரவுண்டு. இதைத் தாண்டி, 30 ரவுண்டு மேகசின் நான்கைந்தை அடுத்தடுத்து மூச்சுவிடாமல் காலி செய்தால் குழலும் முனையும் ஆறுவதற்குள் அடுத்த சூடு ஏறுகிறது. சூடான உலோகம் மென்மையாகிறது. மென்மையான உலோகத்தைத் துகள் எளிதாகச் சீவுகிறது. அரிப்பின் பெரும்பகுதி அந்தச் சில நிமிடங்களில் நடந்துவிடும். ஆறப்போட்டுச் சுடுபவரின் கருவி பல ஆண்டுகளுக்கு அப்படியே இருக்கும்.

உலோகத்தையும் இந்தக் கண்ணோடுதான் தேர்ந்தெடுக்க வேண்டும். நல்ல ஹைடர்களும், சப்ரஸரைப் பூட்டித் தாங்கும் மவுன்ட்களும் பெரும்பாலும் 17-4 என்ற துருப்பிடிக்காத எஃகில் வருகின்றன. அதை ஏறத்தாழ 480 டிகிரி செல்சியஸில் பதப்படுத்தி உறுதி ஏற்றுகிறார்கள். பதப்படுத்திய அந்தச் சூட்டுக்கு மேல் நீண்டநேரம் போனால் ஏற்றிய உறுதி இறங்கத் தொடங்கும். இன்கோனல் 718 அப்படியில்லை, 650 டிகிரிவரை தன் பலத்தை விடாது. கடைபவனின் கைக்குத் தெரியும், அந்த உலோகம் கருவிமுனையை எப்படித் தின்கிறது என்று. அதே பிடிவாதம்தான் வாயு அரிப்பிலும் அதைக் காக்கிறது. கோபால்ட் கலந்த ஸ்டெல்லைட் இன்னொரு வகை. எம்.60 இயந்திரத் துப்பாக்கியின் குழலுக்குள் அறைக்கு அடுத்த பகுதியில் அதைத்தான் உள்ளுறையாக வைத்தார்கள். டைட்டானியம் எடை குறைவு என்பதால் ஆசைப்படத் தூண்டும். அது 400 டிகிரியை ஒட்டியே பலம் இழக்கத் தொடங்குகிறது, சூடான துகள் பட்டால் வெள்ளைப் பொறியாகச் சிதறுகிறது. நீளக் குழலில் நிதானமாகச் சுடும் வேட்டைத் துப்பாக்கிக்கு அது அருமையான உலோகம். பத்தங்குலக் குழலில் வேகமாகச் சுடுபவருக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ஹைடருக்குப் பதிலாக, பின்னுதைப்பைக் குறைக்கும் மசில் பிரேக் வைத்திருப்பவர்களுக்குக் கதை சற்று மாறும். பிரேக்கில் வாயு நேராக ஒரு சுவரில் மோதி, பக்கவாட்டில் திரும்புகிறது. மோதும் சுவர் தேயத்தான் செய்யும், முதல் அறையின் முதல் சுவர் எல்லாவற்றுக்கும் முந்தித் தேயும். சப்ரஸர் மாட்டுபவருக்கு இது நன்மையாகக்கூட முடிகிறது. பிரேக் மேல் சப்ரஸரைப் பூட்டினால், சப்ரஸரின் முதல் தடுப்பு வாங்க வேண்டிய அடியைப் பிரேக்கின் சுவர் வாங்கிக்கொள்கிறது. நூறு டாலர் பொருள் தேய்ந்து ஆயிரம் டாலர் பொருளைக் காப்பாற்றுகிறது. மூன்று விரல் ஹைடரில் அந்தக் கேடயம் கிடையாது. ஆனால் சப்ரஸர் இல்லாமல் பிரேக்கோடு குட்டைக் குழலைச் சுடுவது காதுக்குப் பெரும் கேடு. 160 டெசிபலைத் தாண்டும் உச்சச் சத்தத்தை அது சுடுபவர் பக்கமும் அடுத்த மேடையில் நிற்பவர் பக்கமும் திருப்பிவிடுகிறது. உள்ளே ஒரு அடைப்பான், மேலே ஒரு காதுறை, இரண்டும் சேர்த்துப் போடாமல் தயவுசெய்து சுடாதீர்கள். தேய்ந்த பிரேக்கை மாற்றலாம். போன காது வராது.

இப்போது நான் அதிகம் சொல்ல விரும்பும் இடத்துக்கு வருகிறேன், குழலும் கருவியும் சேரும் மூட்டு. 5.56 குழலின் முனையில் அரை அங்குல விட்டத்தில், அங்குலத்துக்கு 28 சுற்று மரை இருக்கும். மரையின் முடிவில் ஒரு தோள். கருவியை நேராக நிறுத்துவது அந்தத் தோள்தான். மரைக்கு இழுத்துப் பிடிக்கும் வேலை மட்டுமே. தோள் குழல்துளைக்குச் செங்குத்தாக இருந்து, கருவியின் அடி அதில் முழுவட்டமாக உட்கார்ந்தால் எல்லாம் நேர். தோளுக்கும் கருவிக்கும் இடையில் எது வந்தாலும் அது நேர்மையான பொருளாக இருக்க வேண்டும்.

ஏ2 கூண்டோடு வரும் நசுங்கும் வாஷர் நேர்மையான பொருள் இல்லை. அது கூம்பு வடிவ மெல்லிய எஃகு. முறுக்கும்போது நசுங்கி, துளைகள் மேல்நோக்கி நிற்கும் இடத்தில் கூண்டைப் பிடித்துக்கொள்வதே அதன் பணி. எல்லாப் பக்கமும் சமமாக நசுங்குவேன் என்று அது எந்த வாக்கும் கொடுக்கவில்லை. வெறும் கூண்டுக்கு அது போதும். சப்ரஸர் மவுன்டுக்கு அடியில் அதைப் போடவே கூடாது.

ஏன் என்பதைக் கணக்காகவே போட்டுக் காட்டுகிறேன். எனக்குத் தெரிந்த ஒருவர் தம் 11.5 அங்குலத் துப்பாக்கியை ஒரு கடையில் கொடுத்து மவுன்ட் பொருத்தி வாங்கிவந்தார். சப்ரஸரை மாட்டி முதல் மேகசின் சுட்டபோதே சத்தம் மாறியது, காகிதத்தில் துளைகள் நீளவாக்கில் விழுந்தன. நல்லவேளை, நிறுத்திவிட்டார். சப்ரஸரின் முன்மூடியில் குண்டு உரசிய தடம் பிறைபோலத் தெரிந்தது. பட்டறைக்குக் கொண்டுவந்து கழற்றினோம். மவுன்டுக்கு அடியில் நசுங்கும் வாஷர். மைக்ரோமீட்டரில் அளந்தபோது ஒரு பக்கத்துக்கும் எதிர்ப் பக்கத்துக்கும் 0.06 மி.மீ. வித்தியாசம். அது ஒரு தாளின் கனம்கூட இல்லை. ஆனால் 18 மி.மீ. அகல வாஷரில் அவ்வளவு சாய்வு என்றால், 160 மி.மீ. நீளச் சப்ரஸரின் மறுமுனையில் அரை மி.மீ. விலகல். குண்டுக்கும் வெளித்துளைக்கும் இடையே பக்கத்துக்கு ஏறத்தாழ அவ்வளவுதான் இடமே இருக்கிறது. குண்டு உரசாமல் என்ன செய்யும்?

ஆகவே கழற்றிப் பார்க்கச் சொன்னேன். உங்கள் ஹைடருக்கு அடியில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். கூம்பு வாஷர் இருந்தால் எறிந்துவிட்டு, தயாரிப்பாளர் தரும் தட்டையான ஷிம்களைப் போடுங்கள். ஷிம் இருபுறமும் இணையாக உருட்டிய தகடு, அதனால் சாய்வு வராது. திசை பார்க்கத் தேவையில்லாத மவுன்ட் என்றால் ஷிம்கூட வேண்டாம், நேராகத் தோளிலேயே உட்கார வையுங்கள். அது எல்லாவற்றையும்விட நல்லது. ஒருமுறை நசுங்கிய வாஷரை மறுபடி போடவும் கூடாது. மீள்சக்தி போய்விட்ட அந்த வாஷரை எத்தனை முறுக்கினாலும் கருவி தளர்ந்து வரும்.

கழற்றும்போது துப்பாக்கியைப் பிடிக்கும் முறையிலும் கவனம் வேண்டும். துப்பாக்கி காலி என்பதை இருமுறை பார்த்துவிட்டு, மேல்பாகத்தைத் தனியே பிரித்துக்கொள்ளுங்கள். அலுமினிய மேல்பாகத்தை வைஸில் கடித்து வைத்து முனையில் ஸ்பானர் போட்டால், முறுக்கு முழுவதும் குழலைத் திசையில் நிறுத்தும் சின்னப் பின்னில் போய் விழும். அந்தப் பின் அலுமினியத்தில் பள்ளம் வெட்டிவிடும், பிறகு குறிபார்க்கும் சைட்டே கோணலாக நிற்கும். குழலையே மரக்கட்டையிலோ குழல் வைஸிலோ பிடியுங்கள், அல்லது குழலின் பின்முனைப் பற்களில் நுழைந்து பிடிக்கும் தண்டு ஒன்று விற்கிறார்கள், அதை வாங்குங்கள். திரும்பப் பூட்டும்போது கைக்கணக்கு வேண்டாம். முறுக்கை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் போட்டு, தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கு முறுக்குங்கள். பெரும்பாலும் 20 முதல் 30 அடி-பவுண்டுக்குள் இருக்கும்.

மரையில் ஒட்டுப்பசை போடுவதைப் பற்றி ஒரு தவறான பழக்கம் இருக்கிறது. சிவப்பு லாக்டைட் போட்டால் அசையாது என்று நினைக்கிறார்கள். அந்தப் பசையைக் கழற்றவே சுமார் 260 டிகிரிவரை சூடு காட்டச் சொல்கிறார்கள். சப்ரஸர் மாட்டிய குட்டைக் குழல் அந்தச் சூட்டைச் சில மேகசின்களிலேயே எட்டிவிடும். நடுவழியில் பசை இளகினால் மவுன்ட் சப்ரஸரோடு சேர்ந்து தளரும், அடுத்த ரவுண்டு எங்கே போகும் என்று சொல்ல முடியாது. இந்த இடத்துக்கு ராக்செட் என்ற பீங்கான் வகைப் பசைதான் பொருந்தும். 1,000 டிகிரிக்கு மேலும் அது விடாது. ஆனால் தண்ணீரில் இளகும். கழற்ற வேண்டுமானால் முனையைச் சுடுதண்ணீரில் ஊறவைத்தால் போதும். எண்ணெய்ப் பசை துளியும் இல்லாமல் மரையைத் துடைத்து, இரண்டு சொட்டு விட்டு, ஒரு நாள் முழுவதும் காயவிடுங்கள்.

கரிக்கு வருகிறேன். திறந்த ஹைடரின் விரல்களில் படியும் கரியை நான் எடுப்பதே இல்லை. அது ஓரளவு சேர்ந்ததும் வாயுவே உதிர்த்துவிடும், அதற்குமேல் வளராது. கண்ணுக்கு உறுத்துகிறதே என்று கத்தி முனையாலும் கம்பி பிரஷ்ஷாலும் சுரண்டப் போய்க் குழலின் கிரவுனில் கீறல் போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். கிரவுன் என்பது குழல்துளை முடியும் அந்த வட்ட விளிம்பு. குண்டைக் கடைசியாகத் தொடும் இடம் அது. அங்கே ஒரு பக்கம் மட்டும் சிறு கீறல் இருந்தால், வாயு அந்தப் பக்கம் முந்திக் கசிந்து குண்டின் வாலைத் தள்ளும், குறி சிதறும். கிரவுன் பக்கம் எஃகுக் கருவி எதையும் எடுத்துச் செல்லாதீர்கள். நைலான் பிரஷ், கரி கரைக்கும் திரவம், பஞ்சு சுற்றிய குச்சி, இவ்வளவு போதும்.

ஆனால் சப்ரஸர் உட்காரும் பரப்புகளைத் துடைத்தே ஆக வேண்டும். கூம்பு, பூட்டும் பற்கள், வெளிமரை எல்லாம் அதில் அடக்கம். உங்கள் துப்பாக்கியில் பராமரிப்பு வேலை என்று நான் கருதுவது இந்தச் சில சதுர செ.மீ. பரப்பை மட்டுமே. கரிப் படலத்தின்மேல் சப்ரஸர் உட்கார்ந்தால் ஒருபக்கம் தூக்கிக்கொள்ளும், மேலே சொன்ன கணக்கு இங்கேயும் பொருந்தும். நேராகவே உட்கார்ந்தாலும், சூட்டில் கரி சிமென்ட்போல இறுகி இரண்டையும் ஒன்றாக்கிவிடும். இங்கே அதற்குக் 'கார்பன் லாக்' என்று பெயர். ஒவ்வொரு முறை சுட்டு முடித்து வீட்டுக்குப் போகும்முன், கைபொறுக்கும் சூட்டுக்கு ஆறியதும், தடித்த கையுறை போட்டுச் சப்ரஸரை ஒருமுறை தளர்த்தி மறுபடி பூட்டுங்கள். கழற்றி வைத்தால் இன்னும் நல்லது. மாட்டும்முன் பூட்டும் பரப்பில் செம்போ நிக்கலோ கலந்த அதிவெப்ப மசகை மிக மெல்லிதாகத் தடவலாம். ஏற்கெனவே இறுகிப்போனால், இடுக்கில் ஊடுருவும் எண்ணெய் விட்டு இரவு முழுவதும் வைத்து, ஹீட் கன்னால் இதமாகச் சூடுகாட்டி, பட்டை ரெஞ்சால் திருப்புங்கள். குழாய் ரெஞ்சைப் போட்டுச் சப்ரஸரின் உடலை நசுக்கிவிடாதீர்கள்.

வினிகரையும் ஹைட்ரஜன் பெராக்சைடையும் கலந்து ஊறவைத்தால் எல்லாம் கரையும் என்று ஒரு யோசனை சுற்றிவருகிறது. இதைத் தயவுசெய்து வீட்டில் செய்யாதீர்கள். அந்தக் கலவை ஈயத்தைக் கரைத்து லெட் அசிடேட்டாக்குகிறது. தோல் வழியாகவும் உடம்பில் ஏறக்கூடிய நஞ்சு அது, கழிவுநீரில் ஊற்றவும் கூடாது. அந்தக் கலவை இல்லாமலும் கரியில் ஈயம் இருக்கிறது, ஏனென்றால் மருந்தைப் பற்றவைக்கும் தோட்டாவின் பிரைமரில் ஈயச் சேர்மம் உண்டு. சாப்பாட்டு மேஜையில் வைத்துத் துடைக்காதீர்கள், குழந்தைகள் இருக்கும் வீட்டில் கராஜுக்குப் போய்விடுங்கள், கையுறை போடுங்கள், முடித்ததும் குளிர்ந்த நீரில் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

ஏ.கே. வகைக் குட்டைத் துப்பாக்கி வைத்திருக்கும் வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை. சோவியத் ராணுவம் 1979-இல் ஏற்ற ஏ.கே.எஸ்.-74யூ-வின் குழல் வெறும் 206.5 மி.மீ., ஏ.கே.-74 குழலில் பாதிதான். இவ்வளவு குட்டையான குழலில் குண்டு சீக்கிரமே வெளியேறிவிடுவதால், பிஸ்டனைத் தள்ள வாயுவுக்கு அவகாசம் போதவில்லை. அதனால்தான் முனையில் கூம்புவாய் வைத்த அந்தப் பெரிய உருளை. உள்ளே இருக்கும் அறை வாயுவைக் கணநேரம் தேக்கி, பின்னழுத்தத்தைக் கூட்டி, துப்பாக்கியை இயங்க வைக்கிறது. இங்கே முனைக் கருவி இயந்திரத்தின் ஓர் உறுப்பு. கரி நிறைந்து அறை சுருங்கினாலும், மரை தளர்ந்து வாயு கசிந்தாலும் இயக்கமே தடுமாறும். ஆகவே திறந்த ஹைடருக்கு நான் சொன்ன 'விட்டுவிடுங்கள்' இதற்குப் பொருந்தாது. ஸ்பிரிங் வைத்த பூட்டுப் பின்னை அழுத்திக் கழற்றி, அறையையும் பின்னையும் சுத்தம் செய்தே ஆக வேண்டும்.

பழைய சோவியத் 5.45 தோட்டாக்களில் இன்னொரு வம்பும் உண்டு. அவற்றில் 7என்6 என்ற தோட்டாவின் இறக்குமதியை அமெரிக்க அரசு 2014-இல் நிறுத்தியது, ஆனால் முன்பே வாங்கிய டின்கள் பல வீடுகளில் இன்னும் இருக்கின்றன. அதன் பிரைமரில் இருக்கும் பொட்டாசியம் குளோரேட் எரிந்து பொட்டாசியம் குளோரைடாகிறது. சாப்பாட்டு உப்புக்கு அண்ணன் தம்பி முறை. ஈரத்தை இழுத்து வைத்துக்கொண்டு ஒரே இரவில் துருவேற்றும். ஹூஸ்டனின் காற்றிலும் சென்னையின் காற்றிலும் இதற்கு வித்தியாசமே இல்லை. எண்ணெய் போட்டுத் துடைத்தால் உப்பு போகாது, எண்ணெய்க்கு அடியில் உட்கார்ந்து தன் வேலையைச் செய்யும். உப்பைக் கரைப்பது தண்ணீர்தான். அன்றைக்கே சூடான தண்ணீரை ஊற்றி அலசி, முழுக்கக் காயவைத்து, பிறகு எண்ணெய் போடுங்கள். முனைக் கருவியைக் கழற்றி அதன் மரையையும் அலசுங்கள். துரு முதலில் பிடிப்பது அங்கேதான்.

சட்டத்தை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 1934-இன் தேசியத் துப்பாக்கிச் சட்டப்படி 16 அங்குலத்துக்குக் குறைந்த குழல் கொண்ட ரைஃபிளைப் பதிவு செய்ய வேண்டும். 200 டாலர் வரி 2026 ஜனவரி 1 முதல் இந்த வகைக்கும் சப்ரஸருக்கும் பூஜ்யமாகிவிட்டது, பதிவு மட்டும் அப்படியே தொடர்கிறது. பதிவு வேண்டாம் என்று 14.5 அங்குலக் குழலில் கருவியை நிரந்தரமாகப் பற்றவைத்து 16 ஆக்குபவர்கள் உண்டு. பின் அடித்து அதன் தலையை வெல்டு செய்வது, முழுச்சுற்று வெல்டிங், அல்லது 1,100 டிகிரி ஃபாரன்ஹீட்டில் இளகும் வெள்ளிப் பற்றாசு, இவைதான் ஏற்கப்படும் முறைகள். அப்படிச் செய்தால் மூட்டை மறுபடி பார்க்க வழியில்லை. ஆகவே அந்தக் கருவியில் மட்டும் காசு பார்க்காதீர்கள், இன்கோனலிலோ நல்ல 17-4-இலோ வாங்கி, பற்றவைப்பதற்கு முன்பே நேர் பார்த்துவிடுங்கள். இன்னொன்று, இதைப் படிக்கும் நம்மவர்களுக்கு: எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகத் தடை விதிக்கிறது, விதிவிலக்குகள் சிலவே. நண்பரின் துப்பாக்கியைத் தம் வீட்டில் வாங்கி வைப்பதுகூடப் பெரிய சிக்கலில் கொண்டுபோய் விடலாம்.

கடைசியாக, உங்கள் துப்பாக்கிக்கு இந்த மாதம் செய்ய வேண்டியது. ஹைடரைக் கழற்றுங்கள். மரையையும் தோளையும் துடைத்து, நகத்தை ஓட்டிப் பாருங்கள், தடுக்கினால் சிறு பிசிர் இருக்கிறது என்று பொருள். கிரவுனை உருப்பெருக்கியில் பாருங்கள். மூன்று விரல்களின் அடியிலும் அரிப்பு ஒரேபோல இருந்தால் கவலையில்லை. ஒரு பக்கம் மட்டும் ஆழமாக இருந்தால் வாயு நேராக வரவில்லை, கிரவுனிலோ உட்காரும் கோணத்திலோ கோளாறு தேடுங்கள். அரிப்பிலிருந்து முடிபோல ஒரு விரிசல் விரலின் வேருக்குப் போகிறதா என்று வெளிச்சம் காட்டிப் பாருங்கள். அது இருந்தால் மட்டும் ஹைடரைக் குப்பையில் போடுங்கள்.

சப்ரஸர் தயாரிப்பாளர் குறைந்தபட்சக் குழல் நீளம் என்று ஓர் எண் கொடுத்திருப்பார், 10.5 அதற்குள் வருகிறதா என்று பாருங்கள். ஷிம் போட்டுப் பூட்டி, சப்ரஸரை மாட்டி, 5.56 குழலுக்கென்று நேராகச் சாணைபிடித்த சோதனைத் தண்டை அறைப்பக்கமிருந்து நுழைத்து முன்துளையில் எட்டிப் பாருங்கள். தண்டைச் சுற்றி இடைவெளி எல்லாப் பக்கமும் சமமாகத் தெரிய வேண்டும். சமமாக இல்லாவிட்டால் அன்றைக்குச் சுட வேண்டாம், கழற்றி மறுபடி தொடங்குங்கள். சரியாக இருந்தால் மவுன்டும் குழலும் சேரும் இடத்தில் குறுக்கே வெள்ளைப் பெயின்டில் ஒரு கோடு போட்டு வையுங்கள். சுடும்போது இரண்டு மேகசினுக்கு ஒருமுறை அந்தக் கோட்டைப் பாருங்கள்.